கிரேக்கத் தெய்வங்கள் கதையானது எப்படி: ஏற்காட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பிக்கு,

போன சனிக்கிழமை அஸ்தம்பட்டி டீக்கடையில் நீ கேட்ட கேள்விக்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதற்குள் ஏற்காடு பஸ் வந்துவிட்டது, நீ ஓடிப்போய் ஏறிக்கொண்டாய். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

நீ கேட்டது இது: "ஐயா, இடியை ஆயுதமாக எறியும் சீயஸை உலகமே கட்டுக்கதை என்கிறது. தண்ணீர் திராட்சரசமானதையும், செத்தவர் மூன்றாம் நாள் எழுந்ததையும் கோடிக்கணக்கானவர்கள் சத்தியம் என்கிறார்கள். இரண்டிலும் நம் கண்முன் நடக்காத காரியம்தான் இருக்கிறது. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை ஏன் தள்ளுகிறார்கள்?"

பஸ் படியில் கால் வைக்கும்போது இன்னொன்றும் சொன்னாய். உங்கள் மலைச்சாமி சேர்வராயனின் மே மாதத் திருவிழாவுக்கு லீவு கேட்டபோது, உன்னோடு வேலை செய்யும் நண்பர் "சேர்வராயனா, அது சும்மா மலைக்கதை" என்று சிரித்தார் என்றாய். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்றும் சொன்னாய். நீ கிரேக்கத்தைக் கேட்டாலும் உன் மனம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு பதில்களைத் தள்ளிவிடுவோம். "அது பொய், இது மெய், அதனால்தான்" என்பது ஒன்று. கேள்வியையே திருப்பிச் சொன்னால் பதில் ஆகாது. "இரண்டும் பொய்தான், இதற்கு ஆள்பலம் அதிகம்" என்பது மற்றொன்று. அப்படியானால் ஆள்பலம் எப்படி வந்தது? தொடக்கத்தில் சீயஸுக்குத்தான் ஆள் இருந்தது, பட்டணம் இருந்தது, பளிங்குக் கோயில் இருந்தது. இயேசுவுக்கு இருந்தவர்கள் மீன்பிடிக்கிறவர்களும் வரி வசூலித்தவர் ஒருவரும்.

அற்புதம் என்பதை வைத்தும் இரண்டையும் பிரிக்க முடியாது. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் கானாவூர்க் கல்யாணம் வருகிறது. இரண்டு மூன்று குடம் கொள்ளும் ஆறு கற்சாடிகளில் நிரப்பிய தண்ணீர் திராட்சரசமாகிறது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியஸ் என்பவர், எலிஸ் என்ற ஊரில் மதுவின் தெய்வமான டயோனிசஸுக்கு நடக்கும் விழாவைப் பற்றி இப்படிக் குறித்து வைத்திருக்கிறார்: ஊராரும் வெளியூராரும் பார்க்க, பூசாரிகள் மூன்று வெறுஞ்சாடிகளை ஓர் அறைக்குள் வைப்பார்கள். கதவுக்கு முத்திரை இடுவார்கள். விருப்பப்பட்டவர்கள் தங்கள் முத்திரையையும் வைக்கலாம். மறுநாள் முத்திரை உடையாமல் இருக்கும், சாடிகள் மதுவால் நிறைந்திருக்கும். ஊரில் மதிப்புள்ளவர்கள் இது உண்மை என்று சத்தியம் செய்ததாகவும், தான் விழா சமயத்தில் அங்கே போய்ச் சேரவில்லை என்றும் அவரே எழுதுகிறார். ஆக, அற்புதமும் சாட்சியும் இரண்டு பக்கமும் இருந்தன.

இந்த ஒற்றுமை அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்கும் தெரியும். அதே இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் ரோமப் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். இயேசு சிலுவையில் இறந்தார், எழுந்தார், வானத்துக்கு ஏறினார் என்று நாங்கள் சொல்வது, நீங்கள் உங்கள் தெய்வத்தின் மைந்தர்களைப் பற்றி நம்புவதிலிருந்து புதிதாக ஒன்றும் இல்லை என்பது அவர் வாதம். பிறகு அந்தப் பழைய கதைகளைப் பேய்கள் முன்கூட்டியே போலியாகச் செய்து பரப்பின என்றும் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை நீ ஏற்கலாம், விடலாம். ஆனால் கேள்வி உன்னுடையது மட்டுமல்ல, ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்பே கிறிஸ்தவர் ஒருவரே எடுத்துப் பேசிய கேள்வி என்பதைத் தெரிந்துகொள்.

வித்தியாசம் எங்கேதான் இருக்கிறது? ஒன்று, காலத்தில் இருக்கிறது. இதை உன் நண்பரின் பக்கம் நின்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹெர்குலிஸ் எந்த வருடம் சிங்கத்தைக் கொன்றான் என்று யாரும் கேட்கவில்லை, அது முன்னொரு காலம். லூக்கா எழுதிய சுவிசேஷமோ ரோமப் பேரரசரான திபேரியு ராயனின் பதினைந்தாம் வருடம் என்று கணக்குப்பிள்ளை போலத் தேதி போட்டுச் சொல்கிறது. இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. கிறிஸ்தவர்களைத் துளியும் பிடிக்காத ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ், பிலாத்து காலத்தில் கிறிஸ்து என்பவருக்கு மரண தண்டனை கொடுக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம் சிலுவை மரணத்துக்குப் பிறகு ஏறத்தாழ 25 வருடத்துக்குள் எழுதப்பட்டது. உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் பார்த்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதில் வருகிறது. போய்க் கேட்டுப் பார் என்று சொல்லும் தொனி அது. கிரேக்கப் பாட்டுகளில் இந்தத் தொனி இல்லை.

இதை வைத்து உயிர்த்தெழுதல் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதர் வாழ்ந்தார், கொல்லப்பட்டார், அவரைத் திரும்பப் பார்த்ததாக அவருடைய ஆட்கள் உறுதியாக நம்பினார்கள் என்பதுவரை வரலாறு கூட வரும். அதற்குமேல் அவரவர் விசுவாசம்.

இனி இரண்டாவது வித்தியாசம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கிரேக்கர்கள் தங்கள் தெய்வக் கதைகளை உன் நண்பர் பைபிளை நம்புவதுபோல நம்பியதே இல்லை. அவர்களுக்கு ஒரே வேதநூல் கிடையாது, விசுவாசப் பிரமாணம் கிடையாது. கதையை எவரும் மாற்றலாம். ஹெலன் ட்ராய் நகருக்குப் போனாள் என்று ஹோமர் பாடினார். அவள் போகவே இல்லை என்று ஸ்டெசிகோரஸ் என்ற கவிஞர் பாடினார். யாரும் யாரையும் மதத்தை விட்டுத் தள்ளவில்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே செனோபேனஸ் என்பவர், எத்தியோப்பியரின் தெய்வங்கள் கறுப்பு, திரேசியரின் தெய்வங்களுக்கு நீலக் கண், மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் அவை தங்கள் தெய்வங்களை மாடாகவும் குதிரையாகவும்தான் வரையும் என்று எழுதிவிட்டார். பிளேட்டோ, தெய்வங்கள் சண்டை போடுவதாகவும் ஏமாற்றுவதாகவும் பாடும் கவிஞர்களின் கதைகளைத் தன் இலட்சிய நகரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்றார். இவ்வளவுக்கும் பிறகு ஏதென்ஸில் பலிபீடம் அணையவில்லை. விழாவுக்கு அதீனா தேவிக்கு நெய்த ஆடையை ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சாத்துவதும் நிற்கவில்லை. அவர்களுக்கு மதம் என்பது செய்வது. கதை அதன் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இது நமக்குப் புரியாத விஷயமே அல்ல. ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை நீ பார்த்திருப்பாய். ஒரு வண்டியில் சிவன், ஒரு வண்டியில் காளி. சிவனாக நிற்பவர் எதிர்த்தெருக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் சாயம் வியர்வையில் வழிந்திருக்கும், சடைமுடி நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நான் கூட்டத்தில் நின்றபோது பக்கத்தில் ஒரு பாட்டி, "அட, நம்ம பையன்" என்று சிரித்தவர், வண்டி நேரே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சிரிப்புக்கும் கும்பிடுக்கும் நடுவில் மூச்சு விடும் நேரம்கூட இல்லை. மாரியம்மன் கதையை ஊருக்கு ஊர் வேறு மாதிரி சொல்கிறார்களே, எது சரி என்று அந்தப் பாட்டியிடம் கேட்டால், கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருக்கும். பூச்சாட்டினார்களா, கூழ் ஊற்றினார்களா, பொங்கல் வைத்தார்களா, அவ்வளவுதான். ஏதென்ஸிலும் இதே நிலை. கி.மு. 405இல் டயோனிசஸுக்கு எடுத்த விழாவிலேயே, அந்தத் தெய்வத்தைப் பயந்தாங்கொள்ளியாகக் காட்டும் நாடகத்தை அரிஸ்டோபேனஸ் மேடையேற்றினார். முதல் பரிசும் அதற்குத்தான்.

இப்படிப்பட்ட மதத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. செய்வது நின்றால், பிறகு கையில் மிஞ்சுவது கதை மட்டும்.

கிறிஸ்தவம் நேர் எதிரான அமைப்பு. அதன் உயிர் சொல்லில் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் கையில் எடுத்துப்போகலாம், எந்த மொழியிலும் வாசிக்கலாம். அந்தச் சொல் மனிதனின் மிகப் பெரிய பயத்தைத் தொட்டுப் பேசியது. ஹோமரின் ஒடிஸியில் செத்துப்போன அகிலீஸ் பாதாளத்தில் பேசும் இடம் ஒன்று உண்டு. செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, பூமியில் நிலமில்லாத ஓர் ஏழையிடம் கூலிக்கு உழைப்பதே மேல் என்கிறான். கிரேக்க மாவீரனுக்கே சாவுக்குப் பின் கிடைத்தது இதுதான். எலூசிஸ் போன்ற இடங்களில் தீட்சை பெற்றவர்களுக்கு இதைவிட நல்ல நம்பிக்கை இருந்தது உண்மை. ஆனால் தெருவில் போகும் ஒவ்வொரு கூலிக்காரனிடமும் வந்து, நீ எழுந்திருப்பாய் என்று யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, சேலத்தில் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டம் ஒன்றுக்குச் சில வருடங்களுக்கு முன் போயிருந்தேன். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் அந்த வருடம்தான் தன் மகனைப் பறிகொடுத்திருந்தார். முதல்நாளே வந்து கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். விரலிடுக்கில் வெள்ளை இன்னும் போகவில்லை. சாமந்திப் பூவைக் காம்பு கிள்ளி, இதழ் இதழாகச் சிலுவை வடிவில் பரப்பினார். காற்றில் மெழுகுவத்தி அணைய அணையக் கையைக் குவித்துத் திரும்பத் திரும்ப ஏற்றினார். சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே" என்ற வாசகத்தைப் படித்தபோது அவர் உதடு கூடவே அசைந்தது. அந்த மனிதரிடம் போய், சீயஸை ஏன் ஐயா நம்பவில்லை என்று கேட்க எனக்கு வாய் வருமா? தன் பிள்ளையைத் திரும்பப் பார்ப்போம் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். வேதத்தை ஏற்பது என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஆதாரங்களைத் தராசில் வைத்து ஒன்றை எடுத்து மற்றதைக் கழித்தவர்கள் மிகக் குறைவு.

கிறிஸ்தவர்கள் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியதையும் சேர்த்துக்கொள். நான்காம் நூற்றாண்டில் ஜூலியன் என்ற பேரரசர் கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பினார். 361 முதல் 363 வரைதான் ஆண்டார். அவர் ஒரு பூசாரிக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளுக்கு மட்டுமல்ல, நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நம் ஆட்கள் நம்மிடம் உதவி கிடைக்காமல் நிற்பது வெட்கம் என்று அதில் வருந்துகிறார். எதிரி எழுதிய சாட்சி என்பதால் இதற்கு எடை அதிகம்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மறுபாதி அரசாணை. 313இல் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கிடைத்தது. 380இல் பேரரசர் தியோடோசியஸ் அதை அரசு மதமாக்கினார். 391, 392இல் பலியிடவும் பழைய கோயில்களில் வழிபடவும் தடை வந்தது. அலெக்சாந்திரியாவில் செராபிஸ் தெய்வத்தின் பெருங்கோயில் இடிக்கப்பட்டது. அதீனாவின் பார்த்தினான் பிற்பாடு மரியாளின் தேவாலயமானது. வாதத்தில் தோற்று மறைந்த மதம் அல்ல அது. பெரும்பகுதி ஆணையால் நிறுத்தப்பட்டது. தெற்குக் கிரேக்கத்தில் மானி என்ற மலைப்பாங்கான பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டுவரை பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள் என்று பைசாந்தியப் பேரரசர் ஒருவரே எழுதியிருக்கிறார். மலையில் இருப்பவர்கள் கடைசியாக விடுவார்கள். உனக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

கும்பிட ஆள் இல்லாமல் போன பிறகு நடந்ததுதான் உன் கேள்விக்கு நேரான பதில். ஹோமரைக் கிறிஸ்தவர்கள் எரிக்கவில்லை, படி எடுத்துப் பாதுகாத்தார்கள். பலிபீடம் இல்லாத சீயஸால் ஆபத்து இல்லை. பசிலியார் என்ற ஆயர் இளைஞர்களுக்குச் சொன்ன அறிவுரை புகழ்பெற்றது: தேனீ எல்லாப் பூவிலும் உட்காராது, உட்கார்ந்த பூவிலும் தேவையானதை மட்டும் எடுக்கும், கிரேக்க இலக்கியத்தை அப்படிப் படியுங்கள். இப்படித்தான் தெய்வங்கள் பாடப்புத்தகத்துக்குள் போயின. அங்கிருந்துதான் ஆங்கிலப் பள்ளிக்கு, அங்கிருந்துதான் நம் வகுப்பறைக்கு வந்தன. சேலத்தில் நின்றுகொண்டு சீயஸைப் பார்த்துச் சிரித்தால் மனம் நோக ஒருவர்கூட இல்லை. கிரேக்க நாட்டிலேயே பழைய தெய்வங்களை மறுபடி வழிபடும் சிறு கூட்டம் ஒன்று உருவாகி, 2017இல் அரசின் அங்கீகாரமும் பெற்றிருக்கிறது. அவர்கள் முன் போய்ச் சிரித்தால் கதை வேறு.

இதெல்லாம் கடல் கடந்த விவகாரம் என்று நினைக்காதே. நம் தொல்காப்பியத்தை எடு. முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று நான்கு தெய்வங்களை ஒரே மூச்சில் வரிசையாகச் சொல்கிறது. நான்கும் சமமான மரியாதையோடுதான் நிற்கின்றன. இன்று சேயோனுக்குத் தைப்பூசம் இருக்கிறது, காவடி இருக்கிறது, பால்குடம் இருக்கிறது. மாயோனுக்கு வைகுண்ட ஏகாதசி இருக்கிறது. வேந்தன் என்ற இந்திரனுக்குப் புகாரில் 28 நாள் விழா எடுத்ததை மணிமேகலை பாடுகிறது. விழாவை மறந்ததால் கடல் வந்து ஊரைக் கொண்டுபோனது என்றும் அதே காப்பியம் சொல்கிறது. அந்த இந்திரனுக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்கியவர் யாரையாவது உனக்குத் தெரியுமா? வருணனுக்கு? முருகன் நமக்கு சாமி, இந்திரன் நமக்குக் கதாபாத்திரம். இருவரில் ஒருவரை மெய் என்றும் மற்றவரைப் பொய் என்றும் எந்தச் சபையும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவருக்கு விளக்கு ஏற்றுகிறோம், மற்றவருக்கு நிறுத்திவிட்டோம்.

நாம் வாயால் பேசும்போதே இது தெரியும். சீயஸ் வந்தான், இயேசு வந்தார் என்கிறோம். இந்தக் கடிதத்தில் நானும் அகிலீஸை "அவன்" என்றுதான் எழுதியிருக்கிறேன். முருகன் வந்தான் என்றும் சொல்வோம், ஆனால் அது மடியில் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லும் "அவன்". சீயஸுக்குச் சொல்வது யாரோ ஓர் ஆளுக்குச் சொல்வது.

இப்போது உன் நண்பரின் சிரிப்புக்கு வருகிறேன். அதற்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஐயனார், மாரியம்மன், எல்லம்மன் எல்லாரையும் ஊராரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அங்கே இருந்த அவருடைய பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் எண்ணம். 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. கவனித்துப் பார். கிரேக்கத் தெய்வங்கள் கதையானது ஆயிரம் வருடத்துக்கும் முன்பே பூசை நின்றதால். நம் தெய்வங்களுக்கோ பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, அதே கூடையில் போட்டு, கதை என்ற அதே பெயரை ஒட்டினார்கள். கந்தபுராணம் என்று நாம் சொல்லும்போது அதில் இருக்கும் மரியாதை, கிரேக்கப் புராணம் என்று பாடத்தில் படிக்கும்போது காணாமல் போகிறது பார். அந்தப் பழக்கம்தான் உன் நண்பரின் வாயிலிருந்து வந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தச் சொல்லின் மேல் இருக்கிறது.

சேர்வராயன் குகைக்குள் நான் ஒருமுறை வந்திருக்கிறேன். பாறை தலையில் இடிக்கும் என்று நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. உள்ளே கர்ப்பூரப் புகையும் ஈரக்கல் வாசனையும் இருந்தன, முதுகுச் சட்டையில் சொட்டு நீர் விழுந்தது. பெருமாளுக்குப் பக்கத்தில் காவிரியம்மன். குகை வழியே போனால் காவிரிக்கே போகலாம் என்று எனக்கு முன்னால் நின்றவர் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அது நடக்குமா என்று நிலவியல்காரரிடம் கேட்டால் சிரிப்பார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன்தான் இந்த மலையில் குடியேறினார் என்று உங்கள் மக்கள் சொல்லும் வரலாற்றுக்கும் பட்டயம் கேட்பார்கள். கேட்கட்டும், கேட்பதில் தவறில்லை. அதே கேள்வியை எல்லா வேதத்திடமும் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் என் பிடிவாதம். உன் தாத்தா வருடாவருடம் தேங்காய் பழத்தட்டோடு ஏறுகிற வரைக்கும் அந்த இடத்துக்குக் கதை என்ற பெயர் பொருந்தாது.

உன் நண்பரோடு சண்டை போடாதே. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் பதினான்காம் அதிகாரத்தைச் சேர்ந்து படியுங்கள். பவுலும் பர்னபாவும் லீஸ்திரா என்ற ஊரில் பிறவியிலேயே நடக்காத ஒருவரை நடக்க வைக்கிறார்கள். தெய்வங்கள் மனுஷரூபத்தில் இறங்கி வந்துவிட்டார்கள் என்று ஊர் திரள்கிறது. பர்னபாவை சீயஸ் என்கிறார்கள், பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் யூப்பித்தர் என்று இருக்கும். ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சாமியின் பூசாரி எருதுகளையும் பூமாலைகளையும் வாசலுக்கே கொண்டுவந்து நிற்கிறார். நாங்களும் உங்களைப்போல மனுஷர்தான் என்று இருவரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கத்தி, பலியைத் தடுத்துவிடுகிறார்கள். அடுத்து வேறு ஊர் ஆட்கள் வருகிறார்கள், அதே ஊரில் பவுல் மேல் கல் விழுகிறது, கதை அவரோடு போய்விடுகிறது.

நான் எப்போது படித்தாலும் அந்தப் பூசாரியிடம்தான் நின்றுவிடுவேன். அவர் கோபக்காரர் இல்லை, ஏமாற்றுக்காரர் என்றும் எழுதவில்லை. தன் சாமி கடைசியில் ஊருக்கு வந்துவிட்டது என்று மாலை கட்டி எடுத்து வந்தவர். அந்த மாலைகளை அன்று சாயங்காலம் அவர் என்ன செய்தார் என்பது அதில் இல்லை.